கந்தளாய்க்குப் போன பிக்கப்

1974 ஆவணி, சனிக்கிழமை இரவு. பாலையூற்று.

இன்று என் மகன் சேவியர், வண்டி வாங்க வந்த மனிதருக்கு முன்னால் என்னைச் செவிடன் என்று சொன்னான். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வந்தவர் கந்தளாயில் வயல் செய்கிற முத்துலிங்கம். பிக்கப் ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல் ஓடும், எத்தனை நெல்மூட்டை தாங்கும் என்று நிதானமாகக் கேட்டார். "மீன் ஏத்தினதோ?"

"இல்லை அண்ணை, மரக்கறிதான்" என்றான் சேவியர்.

இத்தனை வருடமும் அதில் ஐஸும் மீனும் ஏற்றியவன் நான். உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து அடிச்சட்டத்தைக் கறள் தின்றுவிட்டது. அது தெரியாமலிருக்க அதன்மேல் சேவியர் முந்தநாள் தார் பூசினான்.

அவர் என்னிடம் திரும்பினார். "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ."

"அப்பாவுக்குக் காது கேளாது அண்ணை."

நான் எழும்பினேன். "அடிச்சட்டம் உக்கிப்போச்சு, தம்பி. பாரம் ஏத்த ஏலாது."

"அது எங்கட பழைய லொறி, அண்ணை. இவருக்கு எல்லாம் குழம்பிப்போச்சு."

முத்துலிங்கம் சிரித்தார். "எங்கட அப்பாவும் இப்படித்தான்." பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்து கத்தினார். "ஐயா, நாளைக்குப் பின்னேரம் பிள்ளையளைப் பின்னால ஏத்திக்கொண்டு திரியாய் ஊருக்குப் போறன்!"

காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொண்டு போய்விட்டார்.

விடிய முதல் பஸ்ஸில் நான் கந்தளாய்க்குப் போகவேண்டும். முத்துலிங்கம் அந்தத் தாரைச் சுரண்டித் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பிள்ளைகள் அதில் ஏறக்கூடாது. சேவியர் வண்டியைத் திருப்பி எடுக்கவேண்டும். மறுத்தால் அந்த மனிதர் பொலிசுக்குப் போகவேண்டும். அங்கே சாட்சிக்கு வேறு ஆள் இல்லை. என் பிள்ளைக்கு எதிராக நான்தான் சொல்லவேண்டும்.