கணக்கில் வராத ஆப்பரேசன்

ஜூன் 16, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஹட்டனில் பஸ் பிடிப்பதற்குள் சேலை முழங்கால்வரை நனைந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று சொல்லி ஒரு மாசம். இன்றைக்குத்தான் கரண்ட், அதாவது கதிர், வைக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கிளினிக்.

டொக்டர் சின்ன வயசு. சிங்களத்தில் கேள்வி. பதில் முழுக்க என் வீட்டுக்காரர். எனக்கும் சிங்களம் வரும். ஆனால் மனுசன் கூட வந்தால் என் வாய்க்கும் அவர்தான் தலைவர்.

சீனி? இல்லை. பிரஷர்? இல்லை. நான் புகை பிடிப்பேனா? இல்லை. (அறை முழுக்க இவருடைய பீடி நாற்றம்.) வயிற்றில் முன்பு ஆப்பரேசன்?

"நெஹெ, டொக்டர்." அதற்கும் இல்லைதான். யோசிக்கவே இல்லை.

டொக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். 23 முதல் கரண்ட்.

வாங்க: சவுக்காரம், பருப்பு, சின்னவளுக்கு ரிப்பன்.

ஜூன் 17, செவ்வாய்

பனி. நான் ஆயாவாக இருக்கிற தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி. மூக்குத் துடைத்தே பொழுது போனது.

நாத்தனார் வந்தாள். "கரண்ட் வச்சா கருகிப் போயிருவீங்களாம் அண்ணி. மந்திரிச்சுப் பாருங்களேன்." இவளுக்குத் தலைவலி என்றால் மட்டும் டவுனில் பிரைவேட் டொக்டர்.

ஜூன் 19, வியாழன்

இரத்தம் எடுக்கப் போனோம். ஊசி போடுகிற மிஸ்ஸி முஸ்லிம் பொண்ணு, நல்ல தமிழ். எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"சீனி, பிரஷர் உள்ளவங்க, ரொம்ப மெலிஞ்சவங்க, புகை பிடிக்கிறவங்க, வயித்துல ஆப்பரேசன் செஞ்சவங்க, இவங்களுக்குத்தான் பக்கவிளைவு கூட வரும். பழைய தையல்ல குடல் ஒட்டியிருந்தா நகராது. கரண்ட் அதுலயே பட்டுப் புண்ணாகும். பிறகு இரத்தமாப் போகும்."

அப்படியென்றால் எனக்கு? மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செய்த குடும்பக்கட்டுப்பாடு? சீழ் வைத்து, மறுபடியும் கிழித்தார்களே.

பஸ்ஸில் இவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஆப்பரேசனா? லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் செஞ்சதுதானே."

"எனக்கு ரெண்டு தரம் கிழிச்சாங்க."

"சும்மா இரு. இப்பப் போயி சொன்னா என்னைப் பொய்யன்னு நெனைப்பாங்க."

என் குடல் வெந்தாலும் பரவாயில்லை. மகாராசா மானம் போகக்கூடாது. தலவாக்கலையில் ஏறின ஒரு கிழவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார். ஊருக்கு உபகாரி.

ஜூன் 22, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. துணி துவைத்தேன். பயமாக இருக்கிறது. இவரிடம் காட்டமாட்டேன், அந்தச் சந்தோசம் இவருக்கு எதற்கு?

ஜூன் 23, திங்கள்

இவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். "மகெ படெ தெபாரக் கபலா, டொக்டர்." என் வயிற்றை இரண்டு தரம் வெட்டியிருக்கிறது என்று. இலக்கணம் எப்படியோ, தழும்பையும் காட்டினேன்.

டொக்டர் இவரைப் பார்த்தார். இவர் சுவரைப் பார்த்தார்.

இன்றைக்குக் கரண்ட் இல்லை. ஸ்கேனைத் திரும்பப் பார்த்து, குடலுக்குப் படாதபடி கணக்குப் போட வேண்டுமாம்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற மிஸ்ஸி விறுவிறுவென்று வெளியே போனாள், நானும் பின்னாலேயே. வாங்குப் பலகையில் நோட்டன் பிரிட்ஜ், கந்தப்பளை, வட்டகொடைத் தோட்டங்களிலிருந்து வந்த மூன்று பொம்பளைகள், பக்கத்தில் புருசன்மார்.

"தோட்டத்துல குடும்பக்கட்டுப்பாட்டுக்கு வயித்த வெட்டினது யாருக்கெல்லாம்?"

மூன்று கையும் மேலே.

"அப்ப ஏன் ஆப்பரேசனே இல்லன்னு சொன்னீங்க?"

வட்டகொடை அக்கா பக்கத்தில் இருந்த ஆளைக் காட்டினாள். "நான் எங்க மிஸ்ஸி சொன்னேன்? அவருதான் சொன்னாரு."