கேட்காமல் திறந்த கதவு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா நலம், அவளுடைய முழங்கால் வலியும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ராத்திரி வேலைக்கு வந்து விடுதி மேசையில் உட்கார்ந்து இதை எழுதிப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். பேசினால் அழுதுவிடுவேன்.

போன முறை வந்தபோது, எல்லாத்துக்கும் இந்த ஒரே லாகின் போதும்ப்பா என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாயே, மின்கட்டணம் கட்டவும் உன் பூனைப் படங்களைப் பார்க்கவும். ஞாயிற்றுக்கிழமை பூனையைப் பார்க்கத்தான் போனேன், கண்ணாடி போடாமல் திரையில் அதற்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தை அமுக்கிவிட்டேன். கடவுச்சொல் கேட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேன், ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. இங்கே நாற்பது அறைக்கும் நாற்பது சாவி வைத்திருக்கிறேன், ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்காது. அது உன் மருத்துவமனைப் பக்கம். மார்பகத் திசுப் பரிசோதனை, முடிவு தயார் என்று இருந்தது, பக்கத்தில் சிவப்புப் புள்ளி, இன்னும் படிக்கவில்லை என்று. சத்தியமாக நான் அதைத் திறக்கவில்லை. அன்று மாலை கூப்பிட்டால், நல்லாத்தான்ப்பா இருக்கேன், வேலைதான் கழுத்தை நெரிக்குது என்று சிரித்தாய். நேற்று விடுதிக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன், பிறகு வெளியேறு என்பதை மூன்று தடவை அமுக்கினேன். புள்ளி அப்படியே இருக்கிறது. நீயும் பயந்துகொண்டுதான் திறக்காமல் இருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மாவும் தினமும் அதே வழியாகத்தான் பூனையைப் பார்க்கிறாள், அவள் விரல் ஒரு கட்டம் தள்ளிப் போனால் போதும். நெட் போச்சு என்று பொய் சொல்லி ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். நாப்பது ரூமைக் கட்டி மேய்க்கிறீங்க, ஒரு ஒயரைச் சரி பண்ணத் துப்பில்லையா என்கிறாள். நாளைக் காலை ரிப்பேர்காரரை வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கடவுச்சொல்லை மாற்று என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மாற்று, ஆனால் முதலில் அதைத் திறந்து பார். தனியாக வேண்டாம், கண்ணு. காலை ஆறு மணி வரை மேசையில்தான் இருப்பேன். என்னைக் கூப்பிட்டு, நான் லைனில் இருக்கும்போது அமுக்கு. என்ன வந்திருந்தாலும் மறுநாளே கிளம்பி வருகிறேன், அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். பூனைக்கு மட்டும் வைத்துவிட்டு நீ பட்டினி கிடக்காதே.

உன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமல் உட்கார்ந்திருக்கும்,
அப்பா