இரண்டாம் நாள் மத்தியானம்

இன்று காலை பெட்டி வாங்க பஜாருக்குப் போனேன். சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கடைக்காரர் கைப்பிடியைத் தடவிக் காட்டி, இது ஒரிஜினல் தோல் என்றார். ஆம்பூரில் நின்றுகொண்டு, இருபத்திரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவளிடம் சொல்கிறார். குனிந்து மோந்து பார்த்தேன். பசை வாடை, அதற்குக் கீழே ரெக்சின். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். நீ கூட இருந்திருந்தால், அந்த ஆளுக்கே அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள், பாவம் என்று அவருக்கு வக்காலத்து வாங்கியிருப்பாய். பெட்டியை வாங்காமல் வந்துவிட்டேன். நாளைக்கு வேறு கடை பார்க்க வேண்டும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் வீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாக மட்டும் பேசுகிறார்கள். நான் அப்படி எழுத உட்காரவில்லை. என்னிடம் உன்னைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது, அதை நீ உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டேன். கோலாலம்பூரில் இரண்டாம் நாள் மத்தியானம் என்னை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறையில் நீ என்ன செய்வதாக இருந்தாய்?

ஆரம்பம் உன்னுடையதுதான். நமக்கு ஜோடி சேர்க்கிற வேலை. இடது கால் உன் கையில், வலது கால் என் கையில். இரண்டும் ஒரே நிறமா, ஒரே சுருக்கமா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ட்யூப்லைட்டில் பொருந்தி நிற்பது ஜன்னல் வெளிச்சத்தில் காலை வாரிவிடும் என்பதால் சந்தேகமான ஜோடியை நான் ஜன்னலுக்குக் கொண்டு போவேன். எனக்கு எல்லா ஜோடியும் சந்தேகமான ஜோடிதான். ஒரு நாள் நான் ஜன்னலிலிருந்து திரும்பி வந்தபோது நீ கையிலிருந்த ஷூவை வைத்துவிட்டு, இதெல்லாம் நம்மைவிட்டு எங்கெங்கோ போகிறது, நாம் மட்டும் பேர்ணாம்பட்டைத் தாண்டவில்லை என்றாய்.

"நாலே நாள் தோஸ்த். போவ ஒரு நாள், வர ஒரு நாள், நடுவுல ரெண்டு நாள். உலகம் ஒண்ணும் கவுந்துடாது."

அதற்குப் பிறகு ஆறு மாதம் சாப்பாட்டு நேரமெல்லாம் ஊர் தேர்ந்தெடுப்பதிலேயே போனது. நீ போனில் விளம்பரத்தை நீட்டுவாய், நான் அதில் ஓட்டை கண்டுபிடிப்பேன். துபாய் என்றாய். துபாயில் பாதி ஆம்பூர் இருக்கிறது, எவளாவது வீட்டுக்குக் கூப்பிட்டு நம்மையே பிரியாணி கிளற வைப்பாள் என்றேன். பாங்காக் என்றாய். இரண்டு பொம்பளைகள் தனியாக பாங்காக் போனார்கள் என்று தெரு முழுக்கப் பேசும், ஜமாத்து வரை போகும் என்றேன். நான் கொழும்பு சொன்னபோது நீ மூக்கைச் சுளித்தாய். ப்ளேனில் சீட்டு சூடாவதற்குள் இறக்கிவிட்டுவிடுவான் என்றாய். கடைசியில் கோலாலம்பூர். விசாவுக்கு அலைய வேண்டாம், எனக்கு ஹலால் சாப்பாடு, உனக்குக் குகை முருகன், இரண்டு பேருக்கும் தமிழ் பேசினால் புரிந்துகொள்ள ஆள்.

ஊர் முடிவானதும் என் வேலை இன்னும் ஜாஸ்தியானது. ஓட்டல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் நின்று எடுத்த படம், கோழிக்கூண்டும் அப்படி எடுத்தால் கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும். நான்கு நாள் என்று போட்டிருந்தார்கள், விமான நேரத்தைப் பார்த்தால் முதல் நாள் ராத்திரி இறங்கி நான்காம் நாள் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருந்தது. அதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது நீ நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். சென்னை வேண்டாம், பெங்களூரிலிருந்து ஏறினால் பகலில் இறங்கலாம், உன் மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், வழியனுப்ப வருவாள் என்று மாற்றியது நான்தான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

பிறகு அந்த நாள் வந்தது. டிராவல்ஸ்காரரிடம் நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே தாழ்ப்பாள் நன்றாக இருக்குமா என்று கேட்டாய். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்.

"ரெண்டாம் நாள் மத்தியானம் ஒரு மூணு மணி நேரம் நீ கட வீதி சுத்திட்டு வா. நான் ரூம்லயே இருப்பேன். ஏன்னு மட்டும் கேக்காத."

நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தூக்கமும் வரவில்லை. அந்த வருஷம்தான் நம் பக்கத்தில் குருவி பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. டிக்கெட்டும் ரூமும் யாரோ போட்டுத் தருவார்கள், திரும்பி வரும்போது கையிலும் கழுத்திலும் தங்கத்தை மாட்டிக்கொண்டு வர வேண்டும். பிடிபட்டால் அனுப்பியவன் போனை அணைத்துவிடுவான். நான் கணக்குப் போட்டேன். எல்லாரும் போகிற சிங்கப்பூர் பேச்சையே எடுக்காமல், தங்கம் வருகிற கோலாலம்பூரில் வந்து நின்றது ஏன்? தாழ்ப்பாள் எதற்கு? என்னை வெளியே அனுப்பிவிட்டு யார் வரப்போகிறார்கள்? திரும்பி வரும்போது என் பெட்டியில் என்ன இருக்கும்? குருவி வேலை இல்லையென்றால் ஆண் சகவாசமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று முழுக்க உன் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை.

நம் டேபிளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷூவைத் தள்ளுவதென்றால் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் தள்ள வேண்டும். ஒட்டாமல் தள்ளினால் தைத்தவளுக்கு என்ன தப்பென்று தெரியாது, சரிசெய்யவும் வழியில்லை. புதிதாக வந்த ஒருத்தி ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு தட்டு முழுக்கத் தள்ளிவிட்டபோது, அவளை நிற்க வைத்துத் திட்டியவள் நான். அதே நான் உன்னை ஸ்டிக்கர் ஒட்டாமல் தள்ளினேன். டிக்கெட் போடுவதற்கு ஒரு வாரம் முன்னால், சாப்பாட்டு மேஜையில், ஷிப்மென்ட் இருக்கிறதாம், மேனேஜர் லீவு தரவில்லை என்று சொன்னேன். பொய். நான் லீவே கேட்கவில்லை.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். சரி விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய். உன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய் எடுத்து என் தட்டில் வைத்தாய். நீ இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததும் என் சந்தேகம் அதிகமானது. மடியில் கனம் இல்லாவிட்டால் ஏன் சண்டை போடவில்லை என்று நினைத்தேன். எட்டு மாதம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். நீ ஒரு முறையும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் வந்தபோது உன் கிட்னி கெட்டுப்போயிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன். பன்னிரண்டு கட்டில் இருக்கிற வார்டு. உன்னைச் சுற்றி உன் மாமியார், கொழுந்தனார் சம்சாரம், அவள் பிள்ளைகள். கடைசியாக நான் வந்த அன்று கண்ணை மூடிக்கொண்டு, "அந்தத் திரைய இழுத்து வுடேன்" என்றாய். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். திரையை இழுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

போன வாரம் உன் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அவள் சின்னதிலிருந்தே என்னைக் காலா என்றுதான் கூப்பிடுவாள்; எங்கள் வீட்டில் அம்மாவின் தங்கையை அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்துப் பழகியது. அம்மா போட்ட பிளான் அப்படியே என் போனில் இருக்கிறது, நாம் இரண்டு பேரும் போகலாம் காலா என்றாள். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் அம்மாவின் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறாள்? எதற்கு என்னைக் கூப்பிடுகிறாய் என்று நேராகவே கேட்டேன். கேட்ட வேகத்தில் மற்றதையும் கேட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் உன் அம்மா அந்த ரூமில் என்ன செய்ய இருந்தாள்?

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"தூங்கத்தான் காலா. கல்யாணம் ஆனதுலேர்ந்து தாழ்ப்பாள் போட்ட ரூம்ல ஒரு நாள் கூட தனியா படுத்ததில்லையாம். யாரும் கூப்புடாம மூணு மணி நேரம் கெடக்கணும்னு சொல்லிட்டே இருக்கும். உங்க கிட்ட சொன்னா, என் கூட இருக்கவும் புடிக்கலையான்னு நீங்க மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு சொல்லல."

இரண்டு அறை, ஒன்பது பேர். உன் வீட்டுக்கு நான் நூறு முறையாவது வந்திருப்பேன். அங்கே படுக்க வேண்டுமென்றால் யாரையாவது தாண்டித்தான் படுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் மௌத்தாகி மண்ணுக்குப் போய், பெண்கள் இரண்டும் கல்யாணமாகிப் போனபின் என் வீட்டில் தாழ்ப்பாள் போட்ட அறைக்குக் குறைவில்லை. பேச ஆள் வேண்டும் என்றுதான் நான் வெளிநாடு கிளம்பச் சம்மதித்தேன். தனியாக இருக்கிற ஆசை ஒருத்திக்கு இருக்கும் என்று என்னால் சந்தேகப்படக்கூட முடியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அதைத் தவிர. கேட்டிருந்தால் என் வீட்டுச் சாவியையே தந்திருப்பேன். கம்பெனியிலிருந்து நடக்கிற தூரம்தானே.

உன் மகள் அதோடு நிறுத்தியிருக்கலாம். லீவு விஷயமும் உனக்குத் தெரியும் என்றாள். நான் சொன்ன மறுநாளே நீ ஆபீசில் விசாரித்திருக்கிறாய். நான் லெட்டரே கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் காலா. அவ ஒரு பொய் சொல்லிட்டா, நான் போய்க் கேட்டா அவ ரெண்டாவது ஒண்ணு சொல்லணும், பாவம், விடுன்னு சொல்லிச்சு."

பாவம் என்று நீ சொல்வதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். தைப்பவர்களுக்கு, டிராவல்ஸ்காரருக்கு, யார் யாருக்கோ. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன் என்று தெரியாமல் அந்த எட்டு மாதமும் உன் கத்தரிக்காயைத் தின்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. ஒரே ஒரு முறை நீ என்னைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மையைச் சொல்லியிருப்பேன், நாம் போயிருப்போம்.

நேற்று, உன் மகளோடு போக லீவு லெட்டர் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். என்னென்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று படியேறும்போதே தயார் செய்துகொண்டேன். அவர் போனில் பேசிக்கொண்டே லெட்டரை வாங்கினார், தேதியை மட்டும் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "நாலு நாள் போதுமாம்மா?" என்று கேட்டார்.

போதும் சார் என்றேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். லீவு கிடைக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.