அத்தையை மாடிக்கு ஏற்றிய நாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் தயாராக இருங்கள் என்று சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாத்திரை, ரேஷன் கார்டு, டார்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரர் ஏலக்காய் லோடோடு குமுளியில் மாட்டிக்கொண்டார். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதாம். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அவர் அம்மாவை, என் அத்தையை, எப்படித் தூக்குவது என்றுதான் தெரியவில்லை.

எதிர்வீட்டு மேரி அக்காவும் நானும் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். வாசலைத் தாண்டும் முன்பே என் கை நழுவிவிட்டது. அத்தை தரையில் கிடந்தபடியே, "என்னைய இங்கனயே விட்டுரு ஆத்தா. பிள்ளையத் தூக்கிட்டு நீ போ" என்றார். ஒரு நொடி நானும் அதை யோசித்தேன். அதை நினைத்தால் ஆற்றைவிடப் பயமாக இருக்கிறது.

"அழுகாத, எங்க வீட்டுல அவுக வந்துட்டாக" என்றார் அக்கா. அக்கா வீட்டுக்கார அண்ணனும் பக்கத்து ஆட்களும் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள்.

கரண்ட் இல்லை. பிள்ளை தூங்கிவிட்டான். அத்தை என் இடது கையை விடவே இல்லை. "தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இல்லை என்று சொல்கிறேன். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.