சப்பாத்துக்குப் போட்ட புள்ளி

ஹந்தானை,
2025 மே 4

அன்புள்ள மஸீனா ராத்தாவுக்கு,

இங்கே விடாத மழை. உம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? அவர் தந்த தொதல் இனிப்பு தீர்ந்துவிட்டது. டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ரொட்டி சுட்டு வைத்துக் கொடு என்று அம்மா சொல்கிறார்.

போனில் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

கோயில் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க அரசாங்கம் கொடுக்கும் வவுச்சர் பற்றிப் பேச்சு வந்ததாம். பக்கத்து லய வீட்டு ஜீவன், குடியால் நொந்த குடும்பங்களின் கதைகளைச் சேர்க்கிற உங்கள் அலுவலகத்தின் இணையத் தளத்தில் 'ஹந்தானை சப்பாத்து' என்று தேடியிருக்கிறான். முதலில் வந்தது நான் உங்களிடம் சொன்ன என் கதை. சத்தமாக வாசித்துவிட்டு, "குடிக்கிறதுக்கு மக சப்பாத்தையே வித்த மனுசனாம்! கோயில்ல ஒடுக்கை அடிக்கிறவராம்! நம்ம தோட்டத்துல அப்படி ஆளு யாரு, மூக்கையா மாமா?" என்று அப்பாவிடமே கேட்டானாம்.

அப்பா குடியை விட்டு இரண்டு வருடம். கூட்டம் நடந்த அன்றே உடுக்கையைக் கோயிலில் வைத்துவிட்டு வந்தார். திருவிழாவுக்கு இனி அடிக்க மாட்டாராம்.

பேர் போட மாட்டேன், இத்தனை கதைகளுக்குள் யார் கண்ணிலும் படாது என்றீர்களே, ராத்தா. எப்படி முதலில் வந்தது?

அன்புத் தங்கை,
சுகிர்தா

பிலிமத்தலாவை,
2025 மே 11

அன்புத் தங்கச்சி சுகிர்தாவுக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து மனம் சரியில்லை. ஆனால் உன் கதையை முதலில் வைத்தது நான் இல்லை. ஒவ்வொரு கதைக்கும் இயந்திரம்தான் புள்ளி போடுகிறது. தேடிய சொல் ஒரு கதையில் எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கும். எல்லாரும் சொல்கிற சொல்லுக்குப் புள்ளி குறைவு. எல்லாம் சாராயக் கதைகள்தானே, 'கசிப்பு' பாதிக் கதைகளில் இருக்கிறது, அதற்கு மதிப்பே இல்லை. 'சப்பாத்து' இரண்டு மூன்று கதைகளில்தான். அதனால் புள்ளி அதிகம். கதை சின்னதாக இருந்தால் இன்னும் ஏறும். சொல் தலைப்பிலேயே இருந்தால் பல மடங்கு.

வெறும் கணக்கு, தங்கச்சி. அதற்கு உன்னையும் தெரியாது, அப்பாவையும் தெரியாது. கோபிக்காதே. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கட்டாயம் வா. உம்மா வட்டிலாப்பம் செய்வார்.

உன் ராத்தா,
மஸீனா

ஹந்தானை,
2025 மே 19

மஸீனா ராத்தாவுக்கு,

கணக்கு விளங்கியது.

உங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன கதைக்கு நான் தலைப்பு ஒன்றும் வைக்கவில்லை. தளத்தில் இருக்கிற 'சப்பாத்தை விற்ற அப்பா' என்ற தலைப்பு எங்கிருந்து வந்தது?

உங்கள் அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியாத ஒருவரோடு பேசினேன். றிஸ்வி என்றார். நான் யாரென்று சொல்லவில்லை. "அந்தத் தலைப்பா? மஸீனாட வேல. கொழும்பால பெரியாக்கள் பார்க்க வந்த நேரம், தேடினா நல்ல கதையொண்டு மேல வரணும் எண்டு யோசிச்சு வச்சது. எல்லாருக்கும் கண் கலங்கிட்டு, தங்கச்சி!" என்று சந்தோசமாகச் சொன்னார்.

இயந்திரத்துக்கு எங்களைத் தெரியாதுதான். உங்களுக்குத் தெரியும்.

எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. இங்கே வாசிக்க இனி யாரும் மிச்சமில்லை.

நேற்று அப்பா டவுனுக்குப் போய் எனக்கு வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம். என் கட்டிலுக்கு அடியில் வைத்தார். விற்ற சப்பாத்தின் அளவையே கேட்டு வாங்கியிருக்கிறார். என் கால் நுழையவில்லை. சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

பெருநாளைக்கு வர மாட்டேன். உம்மாவுக்கு என் சலாம். தொதல் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

சுகிர்தா