சோளக்காட்டு வழியில் ஒரு மூட்டை

2-2-1944
காலையில்தான் குளிர்காய்ச்சல் விட்டது. கம்பவுண்டர் அர்த்தனாரி காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரைப் பொட்டலம் கொண்டுவந்தார். யுத்தத்தால் கிடைப்பதே அரிதாம். "பாரஸ்டு ரேஞ்சு ஆபீசுல எத்தனை பேருக்கு மனு எழுதிக் குடுத்திருக்கீங்க. இதுகூடச் செய்யலீன்னா எப்படீங்க" என்றார். நன்றி சொன்னேன். விளக்கு மாடத்தில் வைத்தேன். பிரிக்கவில்லை.

மார்கழியில் இதே காய்ச்சலில்தான் என் மனைவி ருக்குமணி போனாள். அதன் பிறகு என்னால் ஆகவேண்டிய காரியம் எவருக்கும் எதுவும் இல்லை.

4-2-1944
இன்றும் பிரிக்கவில்லை. உயிரை விடத் துணிவு வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்காமல் இருக்க ஒன்றும் வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் எனக்கு எப்போதும் வரும்.

5-2-1944
"மாத்திரை போட்டீங்களா?" என்றார் அர்த்தனாரி. போட்டேன் என்றேன். பொய்.

7-2-1944
உப்புத் தீர்ந்ததால் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பும் வழியில், வளைவில், ஒருத்தி மிளகு மூட்டையை இறக்கிவைத்து நின்றிருந்தாள். இந்த மலையில் இறக்கிய சுமையை எதிரில் வருபவர் தூக்கிவிட வேண்டும், யாரானாலும் மறுப்பதில்லை. வேலையில் இருந்தவரை பியூனை முன்னால் விட்டு நடந்து தப்பித்துக்கொண்டேன். இன்று முன்னால் யாரும் இல்லை.

"ஏனுங்க, சித்த ஒரு கை புடிங்க."

"என் கை நடுங்கும் அம்மா. வேறு யாராவது வரட்டும்."

"நடுங்குனா என்னுங்க, மூட்டைக்குத் தெரியவா போவுது? புடிங்க."

சிரித்துவிட்டேன். நான்தானா சிரித்தது?

இருவருமாகத் தூக்கினோம். மூட்டை அவள் தலையில் உட்கார்ந்த பின்னும் நான் கையை எடுக்கவில்லை. விழுந்துவிடுமோ என்று பயம்.

"நின்னுக்கிச்சு சாமி, உடுங்க. இல்லாட்டி நீங்களும் சந்தைக்கே திரும்பி வரோணும்."

அவளே என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். பிடித்த அவள் கை அங்கேயே நின்றது. "கொதிக்குதுங்களே. மருந்து தின்னீங்களா?"

"இல்லை."

"ஏனுங்க இல்லே?"

உப்புப் பையை எடுத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்தாள். "தின்னுட்டுப் படுங்க. வாரேன்."

சுமையோடு திரும்பிப் பார்க்க முடியாது, பார்க்கவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை நான். தெரிந்தவரிடம் பொய் சொன்னேன், தெரியாதவளிடம் முடியவில்லை. ஏன்?

8-2-1944
பொட்டலத்தைப் பிரித்தேன். ஒன்று விழுங்கினேன். கசப்பு.

14-2-1944
சந்தை நாள். வளைவில் வெயில் ஏறும்வரை நின்றேன். அவள் வரவில்லை. இந்த வயதில் இது என்ன பைத்தியம்? அங்கே எவன் வந்திருந்தாலும் கேட்டிருப்பாள். கல்லுக்குக் கை இருந்தால் கல்லையும் கேட்டிருப்பாள். என்னிடம் என்ன கண்டாள்— ஒண்ணுமில்லே. ஒரு மண்ணுமில்லே.

தினமும் போட்டுவந்த மாத்திரையை இன்று போடவில்லை.

17-2-1944
மறுபடியும் குளிர். இரண்டு கம்பளி போதவில்லை. ருக்குமணியின் சேலையையும் எடுத்துப் போர்த்தினேன். அதிலும் சூடு இல்லை.

21-2-1944
தடியை ஊன்றிக்கொண்டு வளைவுக்குப் போனேன். அவள் இல்லை. இனி வருவாள் என்றும் நினைக்கவில்லை. பெரக்கரை நாட்டு ஊர்க்காரன் ஒருவன் வாழைத்தார்க் கட்டை இறக்கிவைத்து ஆள் பார்த்து நின்றான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க உக்காருங்க பெரியவரே. வேற யாராச்சும் வரட்டும்."

என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்தது. போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். போகவில்லை.

"கை நடுங்கும்தான். பிடி" என்றேன்.

தயங்கித்தான் குனிந்தான். தூக்கினோம். "உடுங்க" என்றதும் விட்டேன். அவன் போய்விட்டான், நன்றி சொல்லும் வழக்கம் இங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். ஒருவனுக்குச் சமைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை, மிஞ்சிவிட்டது. மிச்சமிருந்த ஒற்றை மாத்திரையை விழுங்கினேன். பொட்டலம் காலி. அர்த்தனாரியிடம் இன்னும் கேட்க வேண்டும். அதற்கு முன் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அவரிடமும் தீர்ந்திருக்கலாம்.

காலையில் ஆஸ்பத்திரி திறக்குமுன் போய் நிற்க வேண்டும்.