வெயிலுக்கு ஸ்விட்ச் கிடையாது

இன்று சாயங்காலம் குன்றத்தூரில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் ஃப்ரைட் ரைஸ் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் வினிகர் பாட்டிலைத் திறந்து வாணலியில் ஊற்றினார். ஆவி என் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் கம்பெனியில் பேனலை ஒட்டுகிற லேமினேட்டர் மூடியைத் திறக்கும்போது வருமே, அதே புளித்த வாடை. கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே வைக்கிற பிளாஸ்டிக் தாள் சூட்டில் உருகிக் கிளப்புகிற வாடை. ஷிஃப்ட் முடிந்து இரண்டு முறை குளித்தாலும் தலைமுடியில் மிச்சம் இருக்கும். "எங்க தெருவுல நான் ஊறுகா கம்பெனிக்குப் போறேன்னு நெனைச்சுக்கினு கீறாங்கடா" என்பாய்.

மூன்று வருடம் ஒரே லைனில் நின்று சோலார் பேனல் செய்தோம். ஜன்னல் இல்லாத கூடம். வெயிலுக்காகச் செய்கிற சாமான், வெயிலையே பார்க்காமல் டியூப் லைட் வெளிச்சத்தில் பிறந்து அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். கடைசி மேஜையில் மட்டும் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு ஒரு செயற்கை வெயில் அடிப்பார்கள், எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று பார்க்க. மற்றபடி அது நமக்கு வெறும் கண்ணாடி. முதுகில் தொங்கும் இரண்டு ஒயரையும் பிடித்து இழுத்துத் திருப்புவோம், மேலே சாய்ந்துகொண்டு கதை பேசுவோம். ஒன்றும் ஆகாது. மூன்று வருடமும் ஒன்றும் ஆகவில்லை. நம் கைகள் படித்த பாடம் அதுதான்.

அந்தக் கூடத்துக்குள் நின்றுகொண்டுதான் நீ விண்வெளியைப் பற்றிப் பேசினாய். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, டீ பிரேக் முழுக்க அதே பேச்சு.

"மேல ராத்திரியே கெடையாது மச்சான். மேகம் இல்ல, மழ இல்ல. பேனல கொண்டும்போய் பெருசா விரிச்சுட்டா எப்பவும் கரண்ட்டு வந்துக்கினே இருக்கும். அத மைக்ரோவேவ் அலையா மாத்திக் கீழ வுட்டுடுவாங்க."

"கீழ எவன் மண்டையில வுழும்?"

"ஆன்டெனா கட்டி வாங்கிப்பாங்கடா, அறிவாளி."

"உங்க தெருவுல மூணு நாளா ஒரு ஃபேஸ் இல்ல. மொதல்ல கம்பத்துல ஏறி அத வாங்கிக் குடுக்கச் சொல்லு."

நீ கோபப்படவில்லை. டீ கிளாஸைச் சாய்த்து அதன் அடியில் கிடந்த வெளிச்சத்தைக் காட்டினாய். "இங்க ஆறு மணியானா அணைஞ்சுடுது பாரு. மேல அத எவனாலயும் அணைக்க முடியாது. ஸ்விட்சே கெடையாது."

இந்த வார்த்தையைச் சொன்னது நீ. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு விஞ்ஞானி பேச வந்தார். தலைப்பு விண்வெளி சோலார்தான். விழாவுக்காக, தரம் இல்லை என்று கம்பெனி கழித்துப்போட்ட பத்து பேனலை நீ கீழே நின்று தூக்கிக் கொடுக்க, நான் கேன்டீன் மாடியில் வரிசையாக மாட்டி, ஒன்றோடொன்று தொடராக இணைத்தேன். ஒயர் கீழே வந்து, தெர்மாகோலில் செய்த பூமி உருண்டையைச் சுற்றி விளக்குகளை எரித்தது. கீழே ஸ்விட்ச் அறையில் பெரிய இணைப்பை எலக்ட்ரீஷியன் கொடுத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லாரும் உருண்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் நீ எழுந்தாய்.

"சார், மேலேர்ந்து வர்றத கீழ வாங்கற எடம் எவ்ளோ பெருசா இருக்கணும்?"

"பல கிலோமீட்டர் அகலம் தேவைப்படும் தம்பி."

"அது யாரோட நெலம் சார்?"

அவர் சிரித்தார். "தரிசு நிலமா பார்த்து எடுத்துக்கலாம்."

"எங்க மண்ணூர் நெலத்த கம்பெனிக்கு எடுக்கும்போதும் பேப்பர்ல தரிசுன்னுதான் சார் எழுதினாங்க. நாங்க அதுல வேர்க்கல்ல போட்டுக்கினு இருந்தோம்."

பின்வரிசையில் நம் ஆட்கள் விசில் அடித்தார்கள். முன்வரிசையில் யாரும் திரும்பவில்லை. சூப்பர்வைசர் மட்டும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் நம் மேஜைக்கு வந்தார். "கேள்வி கேக்கத் தெரியுதுல்ல? மேல ஏறி அந்த பேனலையும் நீயே எறக்கு. ரெண்டு மணிக்குள்ள மாடி காலியா இருக்கணும்." பெல்ட் இல்லை. கையுறை இல்லை. சுவர் ஓரமாக ஓர் ஏணி இருந்தது, அதைக் கை காட்டினார்.

நீ மேலே ஏறினாய். நான் கீழே ஸ்விட்ச் அறைக்குள் போனேன். உச்சி வெயில். இணைப்பான் ஒன்று சூட்டில் இறுகிக் கழலவில்லை என்று கத்தினாய். "கட் பண்ணிடறேன். ஆஃபா?"

நான் கைப்பிடியை இறக்கினேன். உருண்டையைச் சுற்றிய விளக்குகள் அணைந்தன. "ஆஃப்!" என்றேன்.

அணைந்தது கீழே இருந்த விளக்குகள்தான். மேலே பத்து பேனலும் முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தன, ஒயரில் கரண்ட் அப்படியே இருந்தது. டேப் சுற்றி ஒன்றாகக் கட்டியிருந்த இரண்டு ஒயரையும் நீ ஒரே கட்டிங் பிளேயரில் நறுக்கினாய். நீல நிறத்தில் ஒரு வெளிச்சம். பின்னால் நகர்ந்தாய். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லை.

அன்று மாலையே ஆஸ்பத்திரி வராந்தாவில் எச்.ஆர். ஆள் ஒரு தாளை நீட்டினார். 'யாருடைய உத்தரவும் இன்றி அவராகவே மாடிக்கு ஏறினார்' என்று அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். பயந்து போட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம், உன்னிடம் முடியாது. சூப்பர்வைசர் ஏற்றினார் என்று சொன்னால், ஆஃப் என்று கத்தியது யார் என்றும் கேட்பார்கள். அந்தப் பொய்க்குள் அவருக்கு இடம் இருந்தது. எனக்கும் இருந்தது. போட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் உன் அக்கா என்னைத் தேடி பஸ் ஸ்டாப்புக்கே வந்தார். செல்போன் கம்பெனி யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை.

"அவனா ஏறுனான்னு எழுதிக் குடுத்தியாமே?"

"ஆமாக்கா."

"அவனுக்கு ஏணின்னாலே கால் நடுங்கும். முருங்கக்கா பறிக்கக்கூட என்னத்தான் ஏறச் சொல்லுவான். யார்ரா ஏறச் சொன்னது?"

சொன்னேன். சூப்பர்வைசரைச் சொன்னேன். பிறகு ஸ்விட்சையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம்.

"ஸ்விட்ச எறக்குனா பேனல் அணையாதுன்னு உங்களுக்கு எவனாவது சொன்னானா?"

"இல்லக்கா."

"மூணு வருஷமா அதத்தானடா செய்றீங்க?"

"லைன்ல அதெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா. ஒட்டு, நகத்து, அவ்ளோதான்."

வந்து நின்ற பஸ்ஸைக் கையசைத்துப் போகச் சொன்னார். "நடந்தத அப்படியே எழுது. இதையும் சேத்து எழுது. உன் பேரையும் எழுது. உன்ன நான் மன்னிச்சேன்னு மட்டும் நெனைச்சுக்காத."

எழுதினேன். பழைய தாள் பொய் என்று எழுதினேன். யார் ஏற்றினார், யார் ஆஃப் என்றார், யார் ஒரு நாளும் ஒன்றும் சொல்லித்தரவில்லை, எல்லாம் எழுதி, உன் அக்காவோடு போய் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் கொடுத்தேன். அடுத்த வாரம் என் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காமல் "சிஸ்டத்துல பேர் இல்ல தம்பி" என்றார். விசாரணைக்கு இதுவரை நான்கு முறை போய் வந்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் கம்பெனித் தரப்பில் ஒருவர் வரவில்லை என்று தள்ளிவைக்கிறார்கள். உன் அக்கா லீவு போட்டுவிட்டு வருகிறார். வழியில் என்னோடு பேசுவதில்லை. டீ மட்டும் இரண்டாகச் சொல்கிறார்.

விண்வெளி சோலார் செய்தி இப்போதும் என் போனில் வருகிறது. மேலே பேனலைப் பூட்ட ரோபோ செய்கிறார்களாம், மனிதனை அனுப்பினால் ஆபத்தாம். ஆபத்து என்று யாரோ யோசித்திருக்கிறார்கள், பாரேன். கேன்டீன் மாடி அவ்வளவு உயரம் இல்லையே, அதற்கு நீ போதும்.

இப்போது வீட்டு மாடிகளில் பேனல் பூட்டுகிற ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் இருக்கிறேன். பையில் எப்போதும் தடித்த கறுப்புப் போர்வைகள் வைத்திருக்கிறேன். ஒயரைத் தொடும் முன் ஒவ்வொரு பேனலையும் தலையோடு கால் மூடிக் கட்டுகிறேன், மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்களுக்குப் பொறுமை இல்லை. "இன்னா ப்ரோ, பொணத்துக்குப் போத்தற மாதிரி போத்துற?" என்கிறார்கள். நான் அடுத்த போர்வையை எடுக்கிறேன்.

இன்று மத்தியானமும் அப்படித்தான். கீழே ஸ்விட்சை இறக்கியாகிவிட்டது. இரண்டு பேனலுக்கு இன்னும் போர்வை போடவில்லை. ஏணியில் நின்றவன் ஒயரில் கை வைக்கப் போனபடி கேட்டான். "ஆஃப் தானே ப்ரோ?"

அந்த வார்த்தை என் வாயில் இப்போது வருவதில்லை.

"கைய எடு," என்றேன். "வெயில் கீது."